டிசம்பர் இரவைப் பகலாக்குவது எப்படி?

அமெரிக்கப் புறநகர் ஒன்றில் வீடு வாங்கியாயிற்று. புல் வெட்ட ஆள் வைத்தாயிற்று. கேரேஜில் கார் நுழைய முடியாத அளவுக்குச் சாமான் சேர்த்தும் ஆயிற்று. இனி பாக்கி இருப்பது ஒன்றுதான்: டிசம்பரில் பாட்டுக்கு ஏற்ப ஆடும் விளக்கு வீடு. எதிர்வீட்டுக்காரர் போன வருடமே அதைச் செய்துவிட்டார். ஊர்க் கார்களெல்லாம் ஹெட்லைட்டை அணைத்துவிட்டு அவர் வாசலில் வரிசைகட்டி நின்றன. தீபாவளிக்குக் கட்டி, கழற்றச் சோம்பல்பட்டு நீங்கள் விட்டுவைத்த சீரியல் செட்டை ஒருவரும் ஏறிட்டுப் பார்க்கவில்லை. ஆகவே இந்தக் கையேடு. இதில் சொன்னதை ஒன்றுவிடாமல் கடைப்பிடித்தால் ஜனவரிக்குள் உங்களைத் தெரியாதவர் அந்தத் தெருவில் இருக்க மாட்டார்.

முதலில் கொஞ்சம் சரித்திரம். எதிர்வீட்டுக்காரரிடம் போகிறபோக்கில் எடுத்துவிட உதவும். 1882 டிசம்பரில் நியூயார்க்கில், எடிசனின் கூட்டாளி எட்வர்ட் ஜான்சன் தன் வீட்டு கிறிஸ்துமஸ் மரத்தில் சிவப்பு, வெள்ளை, நீலமாக 80 மின்விளக்குகளைக் கட்டினார். மரம் சுழன்றுகொண்டே இருந்தது. அது சுற்றச் சுற்ற ஒரு நிறம் அணைந்து அடுத்தது எரிந்தது. பிறகு 2004-ல் ஒஹையோ மாநிலம் மேசனில் கார்சன் வில்லியம்ஸ் என்ற மின்பொறியாளர் 16,000 விளக்குகளைத் தனித்தனியாக எரித்து அணைக்கக்கூடிய 88 சேனல்களாகப் பிரித்து, டிரான்ஸ்-சைபீரியன் ஆர்கெஸ்ட்ராவின் ‘விசார்ட்ஸ் இன் வின்டர்’ இசைக்கு வீட்டையே ஆட வைத்தார். அந்த வீடியோ அடுத்த வருடம் உலகம் சுற்றியது. பீர் விளம்பரத்தில்கூட வந்தது. அதை நிதானமாகப் பார்த்தால் ஒன்று தெரியும்: ஒவ்வொரு தாளத்துக்கும் நடுவே வீட்டின் பெரும்பகுதி இருட்டில் கிடக்கிறது. ஜான்சனும் சரி, வில்லியம்ஸும் சரி, விளக்கை அணைப்பதில்தான் மூளையைச் செலவிட்டிருக்கிறார்கள். காசு கொடுத்து வாங்கிய விளக்கை யாராவது அணைப்பார்களா? நம் கையேட்டின் மூலமந்திரம் இது: ஒன்றையும் அணைக்காதீர்கள்.

இந்தக் கொள்கைக்கென்றே பிறந்த சாதனம் எல்.இ.டி. ஃப்ளட் லைட். சீரியல் பல்பு புள்ளி புள்ளியாகத்தான் எரியும். வளைவுக்கு நூறு, கூரை விளிம்புக்கு இருநூறு, ஜன்னலைச் சுற்றி ஐம்பது என்று ஏணி போட்டு ஏறிக் கட்ட வேண்டும். ஃப்ளட் லைட்டுக்கு அந்தத் தொல்லை கிடையாது. புல்வெளியில் குத்திவிட்டு மேல்நோக்கித் திருப்பினால் ஒரு சுவர் முழுக்க நிறம் ஏறிவிடும். நான்கு வாங்கினால் வீடு தீர்ந்தது. நீங்கள் பதினாறு வாங்குங்கள்.

வாங்குவதற்கு உகந்த காலம் டிசம்பர் இரண்டாம் வாரம். விவரம் தெரிந்தவர்கள் இந்தக் கச்சேரிக்கு நம்மூர் ஆடித் தள்ளுபடி சமயத்திலேயே சாமான் வாங்கி முடித்து, ஆகஸ்ட் வெயிலில் கேரேஜில் உட்கார்ந்து சால்டரிங் செய்துகொண்டிருப்பார்கள். அவர்களைப் பார்த்துப் பரிதாபப்படுங்கள்.

எந்த மாடல் என்பது முக்கியம். ரிமோட்டோடு வரும் மலிவு விளக்கையே தேர்ந்தெடுங்கள். சின்ன வெள்ளை ரிமோட், அதில் பதினாறு வண்ணப் பொத்தான்கள், பக்கத்தில் ஃப்ளாஷ், ஸ்ட்ரோப், ஃபேட், ஸ்மூத் என்று நான்கு. அந்த ஃபேட் பொத்தானைத்தான் நீங்கள் ‘ஒத்திசைவு’ என்று நம்ப வேண்டும். பதினாறு விளக்குக்கும் நேரே ரிமோட்டை நீட்டி அழுத்துங்கள். பதினோரு விளக்கு கேட்கும்; மீதி ஐந்துக்காகப் பனியில் நடந்துபோய்க் கிட்டே நின்று அழுத்த வேண்டும். எல்லாம் ஒரே சமயத்தில் சிவப்பில் தொடங்கிவிட்டதாகவே வைத்துக்கொள்வோம். ஒவ்வொரு விளக்குக்குள்ளும் தனித்தனிக் கடிகாரம் ஓடுகிறது. எதுவும் எதோடும் பேசிக்கொள்வதில்லை. கொஞ்ச நேரத்தில் ஒன்று பச்சைக்குப் போயிருக்கும், பக்கத்தது இன்னும் மஞ்சளில் நிற்கும், மூலையில் இருப்பது ஏதோ கோபத்தில் நீலத்தில் நிற்கும். பாட்டு அது பாட்டுக்குப் போய்க்கொண்டிருக்கும். யாராவது கேட்டால் “இது மாடர்ன் ஸ்டைல்” என்று சொல்லுங்கள்.

இதைவிடக் கொஞ்சம் லட்சியம் உள்ளவர்களுக்கு இரண்டாவது வழி உண்டு. விளக்குகளைச் சேனல் வாரியாக ஆட்டும் பழைய பெட்டியை எதிர்வீட்டுக்காரரிடம் இரவல் வாங்கி, உங்கள் சாதாரண ஃப்ளட் லைட்டின் பிளக்கை அதில் செருகுங்கள். அந்தப் பெட்டி பழைய குண்டு பல்புக் காலத்தில் வந்தது. மின்சாரத்தைக் கொஞ்சம் கொஞ்சமாக வெட்டிக் கொடுத்து மங்க வைக்கும். குண்டு பல்பு அதற்குப் பணிந்துபோகும். எல்.இ.டி. ஃப்ளட் லைட்டின் உள்ளே டிரைவர் என்ற மின்சுற்று இருக்கிறது, அதில் கெப்பாசிட்டர் இருக்கிறது. ‘எரி’ என்றால் ஒரு கணம் யோசித்து எரியும். ‘அணை’ என்றால் தேக்கிவைத்த மின்சாரம் தீர்ந்த பிறகே அணையும். பாதி வெளிச்சம் கேட்டால் துடிக்கும். சில விளக்குகள் சேனலை முழுக்க மூடிய பிறகும் கசிவு மின்சாரத்தில் மெல்ல மினுக்கிக்கொண்டிருக்கும். மத்தளம் அடித்து ஓய்ந்த பிறகு சுவர் பளிச்சிடும் அழகை வேறெங்கும் பார்க்க முடியாது.

மூன்றாவது வழி எதிர்வீட்டுக்காரர் செய்வது. அவர் டி.எம்.எக்ஸ். ஃப்ளட் லைட் வைத்திருக்கிறார். நாடக மேடை விளக்குகளுக்காக 1986-ல் வந்த முறை அது. ஒரே கேபிளில் 512 சேனல், ஒவ்வொன்றிலும் 0 முதல் 255 வரை ஓர் எண். சிவப்புக்கு ஒன்று, பச்சைக்கு ஒன்று, நீலத்துக்கு ஒன்று என ஒரு விளக்கு மூன்று சேனல் சாப்பிடும். ஆக ஒரு கேபிளில் 170 விளக்கு வரை தனித்தனியாக ஆட்டலாம். கேரேஜில் ராஸ்பெரி பை என்ற கையடக்கக் கணினி ஒன்று. அதில் பாட்டும் விளக்கு நிரலும் சேர்ந்து ஓடும். நிரலை எழுத எக்ஸ்லைட்ஸ் என்ற இலவச மென்பொருள்: வீட்டுப் புகைப்படத்தின் மேல் விளக்குகளை வரைந்து, நொடியை நாற்பதாக வெட்டி, கட்டம் கட்டமாக நிரப்ப வேண்டும். மூன்று நிமிடப் பாட்டுக்கு வார இறுதிகள் வரிசையாகப் போய்விடும்.

நீங்களும் இந்த வழிக்கு வந்தே தீருவேன் என்றால் குறைந்தபட்சம் சில விஷயங்களில் உறுதியாக இருங்கள். விளக்குகள் பெட்டியிலிருந்து வரும்போது பெரும்பாலும் எல்லாவற்றுக்கும் முகவரி, அதாவது எந்தச் சேனலிலிருந்து கேட்க வேண்டும் என்ற எண், 1 என்றே இருக்கும். மாற்றாதீர்கள். பதினாறு விளக்கும் ஒரே மாதிரி ஆடும். தனித்தனியாக ஆட்டுவதற்குக் கொடுத்த காசு அத்தனையும் தர்மக் கணக்கில் போகும். கேபிளை ஒரு விளக்கிலிருந்து அடுத்ததற்குச் சங்கிலியாகக் கொண்டுபோகச் சொல்வார்கள். நடுவில் வெட்டி மூன்று பக்கமும் கிளை பிரித்து விடுங்கள். கடைசி விளக்கில் 120 ஓம் ரெசிஸ்டர் ஒன்றைச் செருகச் சொல்வார்கள். அத்தனை சின்னப் பொருள் என்ன செய்துவிடப் போகிறது? அது இல்லாவிட்டால் சிக்னல் கேபிள் முனையில் மோதித் திரும்பி வந்து விளக்குகளைக் கண்டபடி சிமிட்ட வைக்கும். எப்படியும் சிமிட்டத்தானே வாங்கினீர்கள்.

இப்போது எங்கே வைப்பது என்ற கேள்வி. இந்த அத்தியாயத்தில்தான் கலைஞன் யார் என்று தெரியவரும்.

உங்கள் வீட்டு முகப்பு செங்கலா? நல்லது. நீல ஃப்ளட் லைட் வாங்குங்கள். செங்கல் சிவப்பாகத் தெரிவதே அது நீலத்தையும் பச்சையையும் விழுங்கிவிட்டுச் சிவப்பை மட்டும் திருப்பி அனுப்புவதால்தான். அதன்மேல் சுத்த நீலத்தைக் கொட்டினால் சுவர் அதையும் விழுங்கிவிட்டு, அழுக்கு ஊதாவாக ஏதோ ஒன்றைக் காட்டும். பச்சை போட்டால் பாசி நிறம். எதிர்வீட்டுச் சுவரில் சைடிங் என்கிற வெள்ளை வினைல் பலகை. எந்த நிறம் அடித்தாலும் அந்த நிறமாகவே நிற்கும். அவர் செங்கல் தூண்களுக்கு மட்டும் சிவப்பும் ஆரஞ்சும் வைத்துவிட்டு, நீலத்தைச் சைடிங் பக்கம் ஒதுக்கியிருக்கிறார். பயந்தாங்கொள்ளி.

விளக்கைச் சுவரை ஒட்டி வைத்தால் வெளிச்சம் சுவரை உரசிக்கொண்டு மேலே ஏறும். செங்கல் இடுக்குகளெல்லாம் நிழல் விழுந்து எழுந்து நிற்கும். பார்க்க நன்றாகவே இருக்கும். எனவே அப்படி வைக்காதீர்கள். புல்வெளி ஓரத்துக்கு, நடைபாதைக்கே கொண்டுவந்து வையுங்கள். தூரம் இரண்டு மடங்கானால் சுவரில் விழும் வெளிச்சம் கால்வாசியாகும். அதைச் சரிக்கட்ட இன்னும் பெரிய விளக்கு வாங்கலாம். மலிவு ஃப்ளட் லைட்டின் வெளிச்சம் 120 டிகிரிக்கு விரியும் என்பதால் பாதி சுவரில் விழும். மீதி வானத்துக்கும், பக்கத்து வீட்டு மாடிக்கும், உங்கள் படுக்கையறைக் கூரைக்கும் நியாயமாகப் பங்கிடப்படும். படுத்துக்கொண்டே நிகழ்ச்சி பார்க்கும் வசதி எதிர்வீட்டுக்காரருக்கு இல்லை.

இடையில் புல்வெளிக் கலைமான் பொம்மைகளை நிறுத்த மறக்க வேண்டாம். சிவப்பு, பச்சை, நீலம் மூன்றும் முழு அளவில் எரிந்தால் வெள்ளை வரும் என்பார்கள். வரும், கொஞ்சம் நீலம் பூத்த, ஆஸ்பத்திரி வராந்தா வெள்ளை. ஆனால் உள்ளே மூன்று நிறச் சில்லுகளும் பக்கத்துப் பக்கத்து இடங்களில் தனித்தனியாக உட்கார்ந்திருப்பதால், விளக்குக்கு நெருக்கமாக நிற்கும் கலைமானின் கொம்பு சுவரில் மூன்று நிழலாக விழும்: ஒன்று மஞ்சள், ஒன்று இளநீலம், ஒன்று மெஜந்தா. கிறிஸ்துமஸ் தாத்தாவின் வண்டியை இழுக்க அத்தனை கொம்புகள் உதவும். தனி வெள்ளைச் சில்லோடு நான்கு நிற விளக்குகளும் கடையில் கிடைக்கின்றன என்பதை யாரிடமும் சொல்லாதீர்கள்.

மின்சாரம் பற்றி இரண்டு வரி போதும். 120 வோல்ட், 15 ஆம்ப் சர்க்யூட்டில் தொடர்ந்து எரியும் சுமை 1,440 வாட்டைத் தாண்டக் கூடாது என்பது அமெரிக்க மின் விதி. 50 வாட் விளக்கு பதினாறு என்றால் 800 வாட், தாராளமாகத் தாங்கும். இப்படிக் கணக்குப் போட்டு நிம்மதியடைந்த அந்த வினாடியில், கேரேஜில் இருக்கும் பழைய ஃப்ரிட்ஜும் அதே சர்க்யூட் என்பதை மறந்துவிடுங்கள். வெளிப்புற பிளக் பாயிண்டுகளில் ஜி.எஃப்.சி.ஐ. என்றொரு காவல்காரன் உண்டு. சுமார் 5 மில்லிஆம்ப் மின்சாரம் மண்ணுக்குக் கசிந்தாலே சட்டென்று துண்டித்துவிடும். உயிர் காக்கும் சாதனம். மழை பெய்த சனிக்கிழமை இரவு, வாசலில் இருபது கார் நிற்கும்போது அது தன் கடமையைச் செய்யும். எக்ஸ்டென்ஷன் இணைப்புகளை ஈரப் புல்லில் கிடத்தாமல் குச்சியில் தூக்கிக் கட்டினால் பாதி பிரச்சினை தீர்ந்துவிடும் என்கிறார்கள். பெட்டியில் தண்ணீர் புகாது என்பதற்கு அடையாளமாக ஐ.பி.65 என்று அச்சடித்திருக்கிறதே என்று நீங்கள் எதிர்வாதம் செய்யலாம். அது விளக்குக்குப் போட்ட முத்திரை. நீங்கள் டேப் சுற்றிய இணைப்புக்கு அல்ல. (ஃப்ரிட்ஜை மறக்கச் சொன்னது தவிர, இந்தப் பத்தியில் மட்டும் கையேட்டைக் கேலியாக எடுத்துக்கொள்ள வேண்டாம்.)

பனி விழும் ஊரென்றால் இன்னொரு சௌகரியம். எல்.இ.டி. வெளிச்சத்தில் சூடு அதிகம் இல்லை. இருக்கும் சூடும் பின்பக்க உலோகம் வழியாகப் போய்விடும். முகத்தில் விழுந்த பனி உருகாது. வானம் பார்த்து வைத்த பதினாறு விளக்கும் காலையில் பதினாறு வெள்ளை மேடுகளாக இருக்கும். இரவில் மேடு மட்டும் உள்ளிருந்து நிறம் மாறிக்கொண்டிருக்கும், சுவர் இருட்டாக இருக்கும். தினமும் மாலையில் தென்னந்துடைப்பத்தோடு போய்த் தட்டிவிட்டு வாருங்கள். ஊரிலிருந்து கொண்டுவந்த பொருளுக்கு ஒரு வேலை கிடைத்த மாதிரி இருக்கும்.

இனி நிரல். பதினாறு ஃப்ளட் லைட்டையும் ஒவ்வொரு தாளத்துக்கும் 255-ல் அடித்து நிறுத்துங்கள். பல்லவிக்கு மட்டும் ஸ்ட்ரோப் என்று சிக்கனம் பார்க்காதீர்கள். நொடிக்கு மூன்று தடவைக்கு மேல் பெரிய பரப்பு பளிச்சிட்டால் வலிப்பு நோய் உள்ள சிலருக்கு ஆபத்து என்று மருத்துவர்கள் எச்சரிப்பதால், எதிர்வீட்டுக்காரர் ஸ்ட்ரோப்பையே தொடுவதில்லை. அவருடைய ஃப்ளட் லைட் பாட்டு முழுக்கச் சுவரில் மெல்ல நிறம் மாறிக்கொண்டு மட்டும் இருக்கும், கச்சேரியில் தம்பூரா மாதிரி. துள்ளுவதெல்லாம் முன்னால் இருக்கும் சின்ன பிக்ஸல் விளக்குகள்தான். அதற்காக அவர் ஃப்ளட் லைட்டை 30, 40-லேயே வைத்திருக்கிறார். 128 வைத்தால் பாதி வெளிச்சம்தானே என்று நாம் நினைப்போம். கண்ணுக்கு அது முக்கால்வாசிக்கு மேல் போலத் தெரியும். இருட்டிலிருந்து முதல் சில எண்கள் ஏறும்போதுதான் கண் மாற்றத்தை அதிகம் உணர்கிறது. அவர் அந்தச் சில எண்களுக்குள்ளேயே ஒரு பாட்டை ஓட்டிவிடுகிறார். ‘சைலன்ட் நைட்’ தொடங்கும்போது வீட்டையே முழுக்க அணைத்துவிட்டு, ஒரே ஒரு தூணை மட்டும் எழுப்புகிறார். அந்த இடத்தில் கார்களுக்குள் குழந்தைகள் வாயை மூடிக்கொள்வதைப் பார்த்திருப்பீர்கள்.

உங்கள் வீட்டிலோ ஒத்திகை இரவு இப்படிப் போகும். புல்வெளியில், கம்பத்தைச் சுற்றிப் பிக்ஸல் விளக்குகளைக் கோத்து நீங்கள் கட்டிய ‘மெகா ட்ரீ’. வாசலில் நீங்கள். பக்கத்தில் கம்பளி சுற்றிக்கொண்டு மனைவி.

“ஏங்க, அந்த மெகா ட்ரீ எங்கங்க?”

“அங்கதானே நிக்குது.”

“எங்க?”

“நேரா பாரு. சுவத்துக்கு முன்னாடி.”

“சுவருதாங்க தெரியுது.”

பன்னிரண்டு அடிக் கம்பம், மூவாயிரம் பிக்ஸல், அதைக் கோத்து முடிக்க ஆன விரல் வலி அத்தனையும் பின்சுவர் வெளிச்சத்தில் கரைந்திருக்கும். கலங்காதீர்கள். மெகா ட்ரீக்கும் இரண்டு ஃப்ளட் லைட் போடலாம்.

அன்றிரவே வீடியோ காலில் அம்மாவுக்குக் காட்டுங்கள். “ஏண்டா, யாருக்குடா கல்யாணம்?” என்பார். ஊரில் ஒரு வீடு முழுக்க விளக்குப் போட்டால் அதற்கு வேறு அர்த்தம் கிடையாது. விளக்கிச் சொன்ன பிறகு, “கரண்ட் பில் எவ்வளவுடா வரும்?” என்று ஒரே கேள்வி. எல்.இ.டி.தான், கொஞ்சம்தான் ஆகும் என்று தைரியமாகச் சொல்லலாம். இந்தக் கையேட்டில் கலப்படமே இல்லாத உண்மை அது ஒன்றுதான். விளக்கு வாங்கிய பில்லைப் பற்றி அவர் கேட்கவில்லை, நீங்களும் வாய் திறக்காதீர்கள்.

பாட்டு எப்படிப் போய்ச்சேரும்? வழக்கம் என்னவென்றால், சின்ன எஃப்.எம். டிரான்ஸ்மிட்டர் வைத்து, ‘இந்த அலைவரிசையில் கேளுங்கள்’ என்று வாசலில் பலகை மாட்டுவார்கள். உரிமம் இல்லாமல் ஒலிபரப்ப அமெரிக்கத் தொலைத்தொடர்பு ஆணையம் அனுமதிக்கும் சக்தி, ஏறக்குறைய 200 அடியோடு தேய்ந்துபோகும் அளவு. காருக்குள் கேட்கும், தெருவுக்குக் கேட்காது. இவ்வளவு செலவு செய்த பிறகு தெருவுக்குக் கேட்காமல் இருப்பதா? மாடி பால்கனியில் இரண்டு ஸ்பீக்கரைத் தூக்கி வையுங்கள். ஒரே பாட்டு ஒரு இரவில் நாற்பது தடவை. பக்கத்து வீட்டில் கைக்குழந்தை இருந்தால் அதற்கும் பாட்டு மனப்பாடமாகிவிடும்.

அண்டை அயலார் என்று எடுத்துக்கொண்டால், அமெரிக்கர்கள் கோபத்தைக்கூடச் சிரித்துக்கொண்டுதான் சொல்வார்கள். “ரொம்பப் பிரகாசமா இருக்குங்க!” என்று பக்கத்து வீட்டுக்காரர் சொன்னால் அதைப் பாராட்டாக எடுத்துக்கொண்டு நன்றி சொல்லுங்கள். மறுநாள் அவர் வீட்டில் கனமான திரைச்சீலை தொங்கும். அதற்கடுத்த வாரம் எச்.ஓ.ஏ. என்கிற வீட்டுச் சொந்தக்காரர்கள் சங்கத்திலிருந்து கடிதம் வரும். கடிதத்தோடு அரைமணி நேரம் உட்காருங்கள். எந்தத் தேதி முதல் எந்தத் தேதி வரை, இரவு எத்தனை மணி வரை என்றெல்லாம் வீடு வாங்கும்போது நீங்கள் கையெழுத்துப் போட்ட தாளிலேயே இருந்திருக்கும்.

மனம் தளர்ந்தால் பெரியவர்களை நினைத்துக்கொள்ளுங்கள். ஆர்கன்சா மாநிலம் லிட்டில் ராக்கில் ஜென்னிங்ஸ் ஆஸ்போர்ன் என்ற தொழிலதிபர், மகள் ஆசைப்பட்டாள் என்று 1986-ல் வீட்டுக்கு விளக்குப் போட ஆரம்பித்தார். பக்கத்து மனைகளையும் வாங்கிப் போட்டு விளக்கை முப்பது லட்சத்துக்குக் கொண்டுபோனார். தெருவுக்குள் ஆம்புலன்ஸ் நுழைய முடியவில்லை என்று அக்கம்பக்கத்தார் வழக்குப் போட, அது மாநில உச்ச நீதிமன்றம் வரை போய் அவருக்கு எதிராக முடிந்தது. டிஸ்னி கம்பெனி அந்த விளக்குகளை அழைத்துக்கொண்டுபோய் 1995 முதல் ஃபுளோரிடாவில் தன் பூங்காவில் எரியவிட்டது. 2016 ஜனவரி வரை எரிந்தது. மேசன் ஊர் கார்சன் வில்லியம்ஸ் கதையும் கிட்டத்தட்ட அப்படித்தான்: 2005 டிசம்பரில் கார் நெரிசலால் பக்கத்தில் நடந்த விபத்துக்குப் போலீஸ் போய்ச் சேர முடியவில்லை, அவரே சுவிட்சை அணைத்துவிட்டார். உங்களுக்கும் டிஸ்னியிலிருந்து அழைப்பு வரலாம். எச்.ஓ.ஏ. கடிதத்துக்கு அந்த நம்பிக்கையில் பதில் எழுதுங்கள்.

எதிர்வீட்டில் இரவு ஒன்பதரைக்கெல்லாம் விளக்கு அணைந்துவிடும். வாசலில் ஒரு பெட்டி. வருகிறவர்கள் டப்பா உணவும் சில்லறையும் போட்டுவிட்டுப் போவார்கள், அது ஊர் உணவு வங்கிக்குப் போகும். போன வருடம் அவர் சீசனுக்கு முன்பே தெரு முழுக்க வீடு வீடாகப் போய் நேரத்தைச் சொல்லி, பிஸ்கட் டப்பாவும் கொடுத்துவிட்டு வந்தார். உங்கள் வீட்டுக்கு வந்தபோது நீங்கள் ஜூம் மீட்டிங்கில் இருந்தீர்கள்.

கடைசியாக, கழற்றுவது. புத்தாண்டு கழிந்த முதல் ஞாயிறு, கையுறை இல்லாமல், எல்லா வயரையும் மொத்தமாகப் பிடுங்கி ஒரே குப்பைப் பையில் திணியுங்கள். எது எந்த விளக்குக்கு என்று லேபிள் ஒட்டாதீர்கள். தரையோடு உறைந்துபோன இரண்டு முளைகள் வராது; அவை ஏப்ரலில் புல் வெட்ட வருகிறவரின் மெஷினுக்குக் காத்திருக்கட்டும். விளக்கைத் துடைக்காமல், கண்ணாடிக்குள் கோத்திருக்கும் நீரோடு அப்படியே அட்டைப்பெட்டியில் அடுக்குங்கள். வசந்தத்தில் அடுத்த சீசனுக்கான முன்பதிவு விற்பனை தொடங்கும்போது எதிர்வீட்டு வாசலில் ஒரு லாரி வந்து நிற்கும். இறக்கும் பெட்டிகளை ஜன்னலோரம் நின்று எண்ணிக்கொள்ளுங்கள். அதைவிட ஒன்று கூடுதலாக ஆர்டர் போட வேண்டும்.